பகல் உறக்கத்துக்கு ஒரு கூலர்

ஜூன் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் இன்றும் தானாக அணைந்துவிட்டது. வீரவநல்லூர் டாக்டர் வீட்டுப் படம் பாதியில் நிற்கிறது. பத்து வருஷம் உழைத்த பெட்டி, இனிமேல் நம்ப முடியாது. புதிதாக ஒன்று கட்டிவிட வேண்டியதுதான்.

என்ஜினீயர்கள் எனக்கு பிளான் அனுப்புவார்கள். அந்த வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று நான் படமாக்கிக் கொடுப்பேன். வாசல், பெயிண்ட், போர்டிகோவில் ஒரு கார், காம்பவுண்டு ஓரம் நாலு செடி. எல்லாம் வரைந்து முடித்த பிறகு, வெயிலும் நிழலும் எங்கெங்கே விழும் என்று மெஷினே உட்கார்ந்து கணக்குப் போடும். ரெண்டர் என்று பெயர். அது ஓடும் நேரம் முழுக்க பிராசஸர் கொதிக்கும். அதைக் குளிர வைக்க அதன் தலைமேல் ஒரு சின்ன விசிறி, கூலர் என்பார்கள். அந்த விசிறி போடுகிற கூச்சலுக்கு மாவு மில் தோற்றுவிடும்.

முன்பெல்லாம் அது எனக்குக் கேட்டதே இல்லை. ஏப்ரலில் கல்யாணம் ஆனதிலிருந்து கேட்கிறது.

ஜூன் 5, வியாழன்

சாந்தி நகரில் எங்கள் வீடு மாடி. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. ஹாலின் மேற்குச் சுவர் மத்தியானம் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். ஏசி படுக்கையறையில் மட்டும்தான். அதனால் கம்ப்யூட்டரும் அங்கேதான், கட்டிலின் கால்மாட்டில்.

என் மனைவி எப்சிபாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, நைட் டியூட்டி. காலையில் வந்து குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். என் ரெண்டரும் சரியாக அந்த நேரத்தில்தான் ஓடும். என்ஜினீயர்களுக்கு எல்லாம் சாயங்காலத்துக்குள் வேண்டும்.

சத்தமாக இருக்கிறது என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. இன்று நானே கேட்டேன்.

"இந்த இரைச்சல்ல உங்களுக்கு உறக்கம் வருதா?"

"ராத்திரி பூரா ஐசியூல வேலை பாக்கவளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா சார்?" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'சார்' இன்னும் அவள் வாயைவிட்டுப் போகவில்லை. என் வாயைவிட்டு 'நீங்க'வும் போகவில்லை. நாற்பத்தெட்டு வயசில் ஒருவனும் நாற்பத்து மூன்றில் ஒருத்தியும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் நாக்கு வசப்பட நாளாகும்.

ஆனால் அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் எழுந்து வரும்போது கண் சிவந்திருக்கிறது, தலைவலி என்கிறாள். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணசந்துவிடுகிறாள். ஏழு மணி நேரம் கட்டிலில் கிடந்தும் உறங்காத முகம். விசிறிதான் காரணம், வேறென்ன?

ஜூன் 6, வெள்ளி

எப்சிபா இன்று பகலில் ஹாஸ்டலிலேயே படுத்துக்கொண்டாள். டியூட்டி முடிய லேட்டாகிவிட்டதாம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் இருந்த நர்ஸ் ஹாஸ்டல் அது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருக்கிறது. மூன்றாம் மாடியில் கடைசி ரூம், அவளுக்கு மட்டும் தனியாக. சீனியர் என்பதால் கொடுத்திருக்கிறார்கள். அதை அவள் இன்னும் காலி பண்ணவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அங்கே படுப்பது வழக்கமாகிவிட்டது.

நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வசதிக்குத்தானே.

ஜூன் 9, திங்கள்

வண்ணார்பேட்டையில் மைதீன் பாய் கடைக்குப் போனேன். பழைய பெட்டியை விற்றதும் அவர்தான். எதை வாங்கப் போனாலும் அதைவிடப் பெரியதாக ஒன்றைக் காட்டுவது அவர் சுபாவம்.

"பாய், பிராசஸர், ரேமெல்லாம் நான் முடிவு பண்ணியாச்சு. கூலர்தான் பாக்கணும். சத்தமே வரக்கூடாது."

"சத்தமா? அண்ணாச்சி, தண்ணில ஓடுற கூலர் வந்திருக்கு. பிராசஸர் தலைமேல தண்ணி சுத்தி வரும். சுத்திலும் கலர் கலரா லைட்டு எரியும், கேட்டியளா. கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் செட்டு கணக்கா இருக்கும்."

"லைட்டு வேண்டாம் பாய். பெட்டி இருக்கது படுக்கை ரூம்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனவர்தான். "அப்படிச் சொல்லுங்க," என்று சிரித்தார். எனக்கு ஏன் முகம் சூடானது என்று தெரியவில்லை.

பிராசஸரோடு பெட்டியிலேயே ஒரு கூலர் இலவசமாக வருகிறது. உள்ளங்கை அகலம்தான். சின்ன விசிறி, அதனால் வேகமாகச் சுற்றியாக வேண்டும். வேகமாகச் சுற்றினால் கத்தும். அது வேண்டாம். மிச்சம் இரண்டு வழி: தண்ணீர்க் கூலர், இல்லையென்றால் தகடு தகடாக அடுக்கிய பெரிய கோபுரக் கூலர். செம்புக் குழாய் வழியாகச் சூடு தகடுக்கு ஏறும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றி அதைத் தள்ளிவிடும்.

எது சத்தம் குறைவு என்று காதால் கேட்டால்தான் தெரியும். கடையிலோ, வாசலில் பஸ் ஹாரன்.

ஜூன் 11, புதன்

இன்று ஒரு கூத்து. காலையில் கடை திறக்கும் முன்பே வரச் சொல்லியிருந்தார் பாய். ஷட்டரைப் பாதி இறக்கி, கதவைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு, இரண்டு கூலரையும் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார். உள்ளே வெந்து போனோம். இரண்டு ஆண்கள் வேர்த்து ஒழுக, ஒரு பெட்டியில் காதை வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றதை யாராவது பார்த்திருந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

தண்ணீர்க் கூலர் ஓடும்போது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு மெல்லிய களக் களக். கூடவே மோட்டாரின் ரீங்காரம். பாய்க்கு அது கேட்கவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே அண்ணாச்சி."

"எனக்குக் கேக்கு."

"யாருக்காக இப்படிக் கேக்கிய?"

கோபுரக் கூலரை ஓட்டச் சொன்னேன். அதில் காற்றுப் போகிற சத்தம் மட்டும்தான். தூரத்தில் யாரோ முறத்தில் புடைப்பது போல. அது போதும். ஆனால் பாயிடம் இருந்தது ஒற்றை விசிறி. பகல் முழுக்க ரெண்டர் ஓட்டுகிறவனுக்கு இரட்டை விசிறிக் கூலர் வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மெதுவாகச் சுற்றினால் போதும். சென்னையிலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

எப்சிபாவிடம் சொன்னேன். புதுப் பெட்டி வந்துவிட்டால் ரெண்டர் ஓடுவதே தெரியாது, ஊசி விழுந்தால் கேட்கும் என்று பெருமையாகவே சொன்னேன்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சுத்தமா சத்தமே இருக்காதா?"

"இருக்காது."

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடுதிய? பழசு ஓடட்டுமே. எனக்குப் பழகிட்டு."

சிக்கனம் பார்க்கிறாள் போல. இல்லையென்றால், இங்கே நிரந்தரமாக இருக்கப் போவதில்லையே, பிறகெதற்கு இதெல்லாம் என்று நினைத்தாளோ என்னவோ.

இல்லை. சிக்கனம்தான்.

ஜூன் 13, வெள்ளி

ஹாஸ்டல்.

ஜூன் 17, செவ்வாய்

ஹாஸ்டல். இன்று தலையணையையும் பையில் வைத்துக் கொண்டு போனாள். அங்கே இருப்பது கட்டியாக இருக்கிறதாம்.

முக்கூடல் ரைஸ் மில்காரர் வீடு முடிந்தது. மொட்டை மாடிக்கு நீலக் கண்ணாடி கேட்கிறார். செய்து கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கூலர் வந்துவிட்டது, ஆனால் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கக் கதவு மூடவில்லை. கோபுரம் ஒரு விரல் உயரம் அதிகம். அளந்து பார்க்காமல் வாங்கிய புத்திசாலி நான்தான். வீட்டு முகப்புக்கு எலிவேஷன் போடுகிறவன், ஒரு பெட்டியின் உள் உயரத்தைப் பார்க்கவில்லை. பாயிடம் அகலக் கேபினெட் கேட்டிருக்கிறேன்.

ஆராதனை முடிந்து கோவிலில் இருந்து வந்து எப்சிபா மீன் குழம்பு வைத்தாள். சாளை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி இல்லை. அந்த ஒரு இரவு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்போம். என்றாலும் நான் உறங்கும் வரை அவள் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். நான் விழிக்கும்போது சமையலறையில் இருப்பாள். நைட் டியூட்டிக்காரர்களுக்கு ராத்திரி உறக்கம் வராது என்று சொல்வாள்.

ஜூன் 26, வியாழன்

புதுக் கேபினெட் வந்தது. சாயங்காலம் ஹாலில் பேப்பர் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். எப்சிபா டியூட்டிக்குக் கிளம்பும் முன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

பிராசஸர் முதுகில் கூலரை வைக்கும் முன் நடுவில் ஒரு பசை தடவ வேண்டும். தெர்மல் பேஸ்ட். அதிகமானால் வழியும், குறைந்தால் சூடு ஏறாது. எவ்வளவு பிதுக்குவது என்று டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கொண்டாங்க இங்க," என்று வாங்கிக்கொண்டாள். "எத்தனை கைக்குழந்தைக்கு ஊசி போட்டிருப்பேன்." நடுவில் ஒரு பயறளவு வைத்து, ஓரம் வரை சீராக இழுத்துவிட்டாள். பிசிறு கிடையாது. பிறகு கூலரை நான் இறக்க, அவள் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டாள். நாலு திருகையும் குறுக்குக்குறுக்காக முடுக்கினோம்.

"ஒரே பக்கமா முடுக்கினா என்ன?"

"ஒரு பக்கம் அமுங்கிரும். மறுபக்கம் தூக்கிக்கிரும்."

"ம்."

அவள் தலைமுடி என் கையில் பட்டது. சோப்பு வாசனை. மெஷின் முதல் தடவையிலேயே ஓடியது.

ஓடுகிறதா என்று இரண்டு பேருக்கும் சந்தேகம். விசிறி சுற்றுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. நான் குதிக்காத குறை. எப்சிபா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழக்கமாக வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பாள்.

ஜூன் 27, வெள்ளி

ஹாஸ்டல்.

ஜூன் 28, சனி

ஹாஸ்டல். ஆள் பற்றாக்குறை, ஓவர் டைம் என்று போனில் சொன்னாள். அறை அவ்வளவு அமைதி, என்னால்தான் அதில் வேலை பார்க்க முடியவில்லை. ஹாலுக்கு வந்து பேப்பர் படித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஹாஸ்டல்.

புதுப் பெட்டி ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு பகலும் அவள் இங்கே படுக்கவில்லை. விசிறியின் வேகத்தை இன்னும் குறைத்து வைத்தேன். எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். இனி குறைக்க ஒன்றும் இல்லை. சத்தம் இல்லாத பெட்டிக்கு எதிரே சத்தம் இல்லாத கட்டில்.

என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டுவிடலாமா? கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அதனால் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஹாஸ்டலில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டதாம். எப்சிபா காலையில் நேராக வீட்டுக்கு வந்தாள். வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்; நின்ற நிலையிலேயே உறங்கி, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி, அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தாள். சாப்பிடக்கூட இல்லை. "நீங்க வேணா ஹால்ல வேலை பாக்கியளா?" என்று கேட்டாள். ஹாலில் பெட்டியைத் தூக்கி வைத்தால் அனலில் அது தாங்காது என்றேன். சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டாள்.

சின்னக் குறட்டை இல்லை. அவ்வளவு மெலிந்த உடம்புக்குள்ளிருந்து அது எப்படி வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று மாதம் இதே அறையில் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. பழைய விசிறி எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கிறது.

இதையெல்லாம் எழுதுவது மரியாதை இல்லை. விடுகிறேன்.

ஜூலை 5, சனி

மோட்டார் இன்னும் சரியாகவில்லை. எப்சிபா வீட்டில்தான்.

மத்தியானம் வேலையில் இருந்தபோது திடீரென்று ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது. கூலர் நின்றுவிட்டது என்று பதறிக் குனிந்து பார்த்தேன். இரண்டு விசிறியும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. சூடும் ஏறவில்லை. நின்றது வேறு சத்தம்.

திரும்பினேன். எப்சிபாவின் குறட்டை நின்றிருந்தது. சரி, புரண்டு படுத்திருப்பாள் என்று பார்த்தால், புரளவில்லை. முதுகு ஏறி இறங்கவும் இல்லை. நான் எழுந்து நின்றேன். அதற்குள் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிறவர்களைப் போல ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். தோள் தூக்கிப் போட்டது. மறுபடி குறட்டை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நின்றது.

அதற்குப் பிறகு வேலை பார்க்கவில்லை. நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவள் மூச்சு நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. சாயங்காலத்துக்குள் எனக்கு நெஞ்சே வலித்தது.

அவள் எழுந்து, "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

ஜூலை 7, திங்கள்

அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டி வரவில்லை.

இன்று பகலில் ஒரு தடவை மிக நீண்டுவிட்டது. நான் கட்டிலருகே போய்விட்டேன். உதடு ஒரு மாதிரி கறுத்துத் தெரிந்தது. அது ஜன்னல் திரையின் நிறமாகக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏ எப்சி! எந்தி! எந்தி, பிள்ள!"

அவள் திணறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முகம் அப்படியே சுருங்கியது.

"கொறட்டை விட்டேனா?"

"அது இல்ல..."

"கேட்டுட்டியளா?" என்றவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எத்தனை நாளா?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து."

அவள் எழுந்து போய்ப் பையை எடுத்தாள். துணியைத் திணித்தாள். ஹாஸ்டலில் தண்ணீர் இல்லையே என்றேன். இல்லாவிட்டால் பரவாயில்லை என்றாள். நான் கதவை மறித்து நிற்கவில்லை. கதவருகே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். தாண்டிப் போக இடம் இருந்தது. அவள் போகவில்லை.

"அந்தக் கடைசி ரூம் எனக்கு எதுக்குத் தந்தாவன்னு நெனச்சிய?"

"சீனியர்னு..."

அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். "சீனியராம்! என்கூட ஒருத்தியும் படுக்க மாட்டேன்னுட்டா. நான் உறங்கையில செல்லுல பிடிச்சி, மெஸ்ஸுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனாளுவ. டாக்டர் உட்பட சிரிச்சாவ. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய?" மூக்கைத் துடைத்தாள். "உங்க வீட்டுக்கு வந்த மொத நாளு, அந்தக் கம்ப்யூட்டர் இரைச்சலைக் கேட்டதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சி தெரியுமா? கர்த்தரே கொண்டாந்து வச்ச மாதிரி. அதைப் போயி மாத்துதேன், மாத்துதேன்னு நின்னிய."

சாளைக் குழம்பு வைத்த ஞாயிறுகளில் அவள் ஏன் துணி மடித்துக்கொண்டே இருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கொறட்டைன்னா எனக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். "எங்கப்பா விட்ட கொறட்டையில தெருநாய் எந்திச்சிப் போவும். இது அது இல்ல எப்சி. மூச்சு நிக்கு."

"எல்லாருக்கும் கொஞ்சம் அப்படி இருக்கும்."

"கொஞ்சம் இல்ல. ரொம்ப நேரம் நிக்கு."

"நீங்க பயந்துபோய்ப் பாத்திருப்பிய. பயத்துல கொஞ்ச நேரமும் ரொம்ப நேரமாத்தான் தெரியும். எங்ககிட்ட வார சொந்தக்காரவ எல்லாம் இதையேதான் சொல்லுவாவ." குரல் நர்ஸின் குரலாக மாறிவிட்டது. இனி அந்தக் குரலோடு என்னால் பேசி ஜெயிக்க முடியாது.

போனில் பிடித்துக் காட்டியிருந்தால் நம்பியிருப்பாள். அதை மட்டும் செய்யக் கூடாது.

"சரி, பாருங்க. நின்ன அளவுக்கு நான் நிறுத்திக் காட்டுதேன்," என்றேன்.

மூக்கைப் பிடிக்கவில்லை. வாயை மூடி, மூச்சை நிறுத்தினேன். நாள் முழுக்க அவளோடு சேர்ந்து நிறுத்திப் பழகியிருந்ததால் அதன் நீளம் என் உடம்புக்குத் தெரியும். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். உதட்டோரம் சிரிப்புக்கூட இருந்தது. கொஞ்சம் கழித்து அது போய்விட்டது. கட்டிய கை பிரிந்து, பழக்கத்தில் என் மணிக்கட்டுக்கு வந்து நாடியைப் பிடித்தது.

"போதும்."

நான் தலையாட்டினேன். இல்லை.

"போதும்ங்கேன்லா. விடுங்க."

காதுக்குள் குப்பென்று அடைத்தது. மறுபடி தலையாட்டினேன்.

"ஜெயசிங்!" என்று கத்தினாள்.

என் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மூச்சு தானாக வெளியே வந்துவிட்டது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு இருமினேன். பேச வந்ததும் சொன்னேன்:

"இன்னும் இருந்துச்சி. என்னால முடியலை."

அவள் என் மணிக்கட்டை விடவில்லை. அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "எத்தனை தடவை?" என்றாள்.

"எண்ணலை. படுத்ததிலிருந்து எந்திரிக்கது வரைக்கும்."

"காலையில தலைவலி. பஸ்ஸுல உறக்கம். பிரஷர் வேற ஏறிக்கிட்டே வருது." அவளே தனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். "பேஷண்ட் வந்து சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன்."

ரெண்டர் எப்போதோ முடிந்திருந்தது. பையிலிருந்த துணியை நான்தான் எடுத்து மடித்து வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

அவள் வேலை பார்க்கிற இடத்தில் காட்ட வேண்டாம் என்றாள். மெஸ்ஸில் இன்னொரு பேச்சு வேண்டாம். ஹைகிரவுண்ட் பக்கம் நுரையீரல் டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனோம். என்னை மூச்சை நிறுத்திக் காட்டச் சொல்லாமலே, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். உறக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறதாம். ஒல்லியானவர்களுக்கும் வரும், தாடை அமைப்பினால். வீட்டில் உறங்கும்போது விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருவார்கள். அது எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும்.

"நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் டாக்டர். "பாதிப் பேர் வீட்ல கூட இருக்கறவங்க, குறட்டைதானேன்னு விட்டுடுவாங்க. யாரு கவனிச்சது?"

எப்சிபா என்னைப் பார்த்தாள். "இவுங்க புதுசா ஒரு கம்ப்யூட்டர் கட்டுனாங்க டாக்டர்," என்றாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்களும் விளக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

விரலில் கிளிப், மூக்கில் குழாய், மார்பில் பட்டையோடு எப்சிபா உறங்கினாள். நான் பக்கத்திலேயே இருந்து, களக்காட்டுக் கல்யாண மண்டபத்துக்கு முகப்பு வரைந்தேன். மூச்சு நிற்கும் நேரத்தில் கோடு வளைந்துவிடுகிறது. அழித்து அழித்துப் போட்டேன்.

ஜூலை 19, சனி

ரிப்போர்ட் வந்தது. நிலை மோசம்தான் என்றார் டாக்டர். சரி பண்ணிவிடலாம் என்றும் சொன்னார். உறங்கும்போது முகத்தில் ஒரு மாஸ்க். அதில் ஒரு சின்ன மெஷின் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். தினமும் மாட்டியாக வேண்டும்.

வெளியே வந்து இரண்டு பேரும் சர்பத் குடித்தோம். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல. அந்த மாஸ்கோட என்னைப் பாத்தா நீங்க பயப்படுவிய," என்றாள்.

ஜூலை 24, வியாழன்

மெஷின் விற்கிற இடத்தில் மூன்று வகை வைத்திருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். முடியவில்லை.

"இதுல விசிறி எம்புட்டு சத்தம் போடும்?" என்று கேட்டுவிட்டேன். "கொஞ்சம் ஏசியை நிறுத்துங்க. கதவையும் சாத்துங்க."

எப்சிபா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆரம்பிச்சாச்சு."

மூன்றையும் காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் சுமார். விற்கிறவர் மூன்றாவதைத் தள்ளிவிடப் பார்த்தார். எப்சிபா மூன்று மாஸ்க்கையும் கண்ணாடி முன் மாட்டிப் பார்த்துவிட்டு, மூக்கை மட்டும் மூடுகிற சின்னதை எடுத்தாள். "எது நல்லா இருக்கு?" என்று திரும்பிக் கேட்டாள். சேலைக் கடையில் கேட்பது போல. இதுதான் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

மாட்டினாள். கழற்றினாள். மூச்சு முட்டுகிறது என்றாள். உறங்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஒரு மணி நேரம் தாங்கினாள். பிறகு உறக்கத்திலேயே பிடுங்கிப் போட்டுவிட்டாள். கோபத்தில் அழுதாள். நான் மாட்டிப் பார்க்கட்டுமா என்றேன். மாட்டினேன். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை நீட்டியது போல இருக்கிறது. மாஸ்க்கோடு பேச முயன்றேன், வாத்து மாதிரி குரல் வந்தது. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பட்டையை இரண்டு விரல் தளர்த்திக் கட்டினோம்.

ஜூலை 30, புதன்

எப்சிபா டியூட்டி முடிந்து வரும்போது ஆட்டோவில் வந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, சுருட்டிய மெத்தை, தலையணை. ரூம் சாவியை வார்டனிடம் கொடுத்துவிட்டாளாம். எங்கே வைப்பது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டி ஜன்னலுக்குக் கீழே அளவெடுத்தது போல நின்றது.

மைதீன் பாய் போன் பண்ணினார். "கூலர் எப்படி அண்ணாச்சி இருக்கு?"

"நல்லா இருக்கு பாய். ரொம்ப நல்லா இருக்கு."

"வீட்ல நல்லா உறங்குதாங்களா?"

இன்னும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நாளாகும் என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலை ஒன்பதரைக்கு மாஸ்க்கை மாட்டிப் படுத்தாள். நான் ரெண்டரை ஓட விட்டேன். காற்று போகிற சத்தம், அவ்வளவுதான். எது கம்ப்யூட்டர், எது அவள் மெஷின் என்று பிரிக்க முடியவில்லை. குறட்டை இல்லை. நின்றுபோவதும் இல்லை. போர்வை ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. இதைப் பார்க்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்தேன். ரெண்டர் முடிந்தது, என்ஜினீயர் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. சாயங்காலம் சாரல் காற்று ஜன்னலை அடித்தது. ஓடிப் போய்ப் பிடித்தேன். அவள் அசையவில்லை.

இருட்டத் தொடங்கிய பிறகுதான் விழித்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள். கன்னத்தில் பட்டையின் தடம். கண் வெள்ளையாக இருந்தது.

"விடிஞ்சிட்டா?"

"பொழுது அடையுது."

"டியூட்டி?"

"இந்த வாரம் உங்களுக்கு இன்னைக்கே லீவு. மறந்துட்டியளா?"

மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் கனவு கண்டேன்."

"சரி?"

"சரியா? எத்தனை வருஷமாச்சு தெரியுமா? கனவுங்கது சின்னப் பிள்ளையோளுக்குத்தான் வரும், எனக்கெல்லாம் நின்னுட்டுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"என்ன கனவு?"

சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன், போ."

போங்க இல்லை, போ என்றுதான் சொன்னாள். தோசை ஊற்றும்போது கேட்டேன், சொல்லவில்லை. சாப்பிடும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள். கேட்டேன், அப்போதும் சொல்லவில்லை. இப்போது பத்து மணி. விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள் என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.